மை தொடாத தெரு

நாற்பத்திரண்டு ரூபாய் என்று எழுதி, அதை அடித்து, பக்கத்தில் மறுபடியும் நாற்பத்திரண்டு என்றே எழுதியிருந்தார் ஆசிரியை. காப்பீட்டுப் படிவத்தில் 'காணாமல் போன பொருளின் மதிப்பு' என்ற கட்டத்தில் வேறு என்ன போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கடையில் அந்தப் பிளாஸ்டிக் தாளின் விலை அவ்வளவுதான். அதில் கோடு போட்ட பையன் இறந்து இரண்டு மாதம் ஆகிறது. அந்தக் கோட்டுக்கு விலை சொல்ல எந்தக் கடையிலும் ஆள் கிடையாது.

படிவத்தை வாங்கிப் படித்தவர் மதிப்பீட்டாளர். தீப்பிடித்த கிடங்கு, கவிழ்ந்த லாரி, களவு போன நகை என்று காப்பீட்டு நிறுவனத்துக்காக நஷ்டங்களை அளந்தே தலை நரைத்தவர். வருகிற நஷ்டங்களில் பாதி நஷ்டமே இல்லை என்று கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. எதற்கும் குரல் உயர்த்த மாட்டார்.

பக்கத்து நாற்காலியில் முன்னால் சாய்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தவர் அவருடைய மைத்துனர். முப்பது வருடம் துணிக்கடை நடத்திவிட்டுச் சாவியை மகன் கையில் கொடுத்தவர். வீட்டில் சும்மா இருந்தால் மகனுடைய புத்திமதியை வேளைக்கு ஒரு தடவை விழுங்க வேண்டியிருக்கிறதே என்று அக்காள் புருஷனோடு ஒட்டிக்கொண்டார். ஊருக்கு அவர் துணிக்காரர். ஆளைப் பார்த்தால் துணியின் முனையைத் தடவுகிற மாதிரி தடவிப் பார்த்துத் தரம் சொல்லிவிடுவேன் என்பது அவருடைய நம்பிக்கை. பல தடவை தப்பாகச் சொல்லியும் நம்பிக்கை மட்டும் சாயம் போகவில்லை.

"பணம் வேண்டாம் சார்," என்றார் ஆசிரியை. "படிவம் கொடுத்தாத்தான் நீங்க வருவீங்கன்னு சொன்னாங்க. அதுக்காகத்தான் எழுதினேன். எனக்குத் தாள் வேணும். நாளைக்குப் பத்து மணிக்குள்ள."

"பத்து மணிக்கு என்ன?"

"கட்டடக் கலை மாணவர்களோட கண்காட்சி. அந்தப் பையனோட அம்மா வராங்க. தையல் வேலை செய்யறவங்க. நேத்து போன்ல ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. 'அவன் செருப்பு என்கிட்ட இருக்கு, ஒரு பக்கமா தேஞ்சு போய். அது எங்கெல்லாம் தேஞ்சுதுன்னு பார்க்கணும்.' நான் வாங்கன்னு சொல்லிட்டேன். இன்னைக்குக் காலையில தாள் இல்ல."

துணிக்காரர் குனிந்து தன் செருப்பின் அடியைப் பார்த்தார்.

கல்லூரியின் வரைகூடம் மாடியில் இருந்தது. நடுவில் ஒரு நீளமான விளக்குப் பெட்டி. அதன் மேல் கண்ணாடி. கண்ணாடியின் விளிம்பில் இரண்டு ஆணி. ஆறு மாணவர்கள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் தாளில் நகரத்தின் ஒரே ஒரு அடுக்கை மட்டும் வரைந்திருந்தார்கள். தண்ணீர்க் குழாய், வடிகால், தெரு, கட்டடம், மரம், கடைசியாக நடை. ஆறையும் ஆணியில் மாட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விளக்கைப் போட்டால் நகரம் எழுந்து நிற்கும். ஒவ்வொருவரையும் அவரவர் அடுக்கின் பேராலேயே கூப்பிட்டுப் பழகியிருந்தார்கள். மரம் என்றால் ஒரு நெட்டைப் பையன். வடிகால் என்றால் ஒரு ஒல்லிப் பெண். நடை என்றால் இப்போது யாரும் இல்லை.

"நடைன்னா?" என்று துணிக்காரர் கேட்டார்.

"ஜனங்க நிஜமா நடக்கிற வழி," என்றார் ஆசிரியை. "தெரு ஒரு பக்கம் போகும், ஜனங்க வேற பக்கம் போவாங்க. உடைஞ்ச சுவர் வழியா புகுந்து போறது, வெயிலுக்கு எதிர்ச்சாரி மாறறது, கடன் கொடுத்தவன் கடையைச் சுத்திப் போறது, எல்லாம் அவன் தாள்ல இருந்தது."

"கடைசியா சொன்னதை நானே நடந்திருக்கேன்," என்றார் துணிக்காரர்.

ஆசிரியை சிரித்தார், உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மதிப்பீட்டாளர் மெதுவாகக் கேட்டார். "ஆறு தாளும் எந்த வரிசையில இருந்தது?"

"நடை எல்லாத்துக்கும் மேல. ஆனா நேத்து சாயங்காலம் நான் மாத்தச் சொன்னேன். கால் போற வழியும் தண்ணி போற வழியும் ஒட்டி இருக்கட்டும், நடையை வடிகாலுக்கு நேர் மேல போடலாம்னேன். காலையில மாத்தறதா இருந்தோம்."

"எப்படி வரைவாங்க? நேரா மையிலயா?"

"இல்ல சார். எங்க வகுப்புல ஒரு கட்டளை உண்டு. போகப்போற தெருவைப் பென்சில்ல போடணும். நடந்து பார்த்துட்டு வந்த பிறகுதான் மை. மைன்னா கண்ணால பார்த்ததுன்னு அர்த்தம். ஒருத்தர் மையை இன்னொருத்தர் நம்பலாம்."

"பையன் எப்படி இறந்தான்?"

ஆசிரியை ஜன்னலைப் பார்த்தார். "பெரிய மழை அன்னைக்கு. கிடங்குத் தெருவுல முழங்கால் தண்ணி. திறந்து கிடந்த சாக்கடைக் குழி கண்ணுக்குத் தெரியல."

பிறகு கேள்விகள் வரிசையாக நடந்தன. வாசல் காவலாளி தன்னைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள் என்று முடிவு செய்து, பதிலோடு தயாராக நின்றார். நேற்று ஆறு மணிக்கு எல்லாரும் போய்விட்டார்கள், மரமும் வடிகாலும் மட்டும் ஏழு வரை இருந்தார்கள். மரம் முதலில் இறங்கினான். கால் மணி கழித்து வடிகால் வந்து சாவியைக் கொடுத்தாள்.

"தாளைச் சுருட்டி வச்சு வெளிய கொண்டுபோற குழாயை எல்லாம் திறந்து பார்ப்பேன்," என்றார். "போன வருஷம் ஒரு ஸ்கேல் திருடு போய் என் சம்பளத்துல பிடிச்சாங்க. அன்னையிலருந்து என் பொண்டாட்டி சாப்பாட்டுப் பையைக்கூட விடறதில்ல."

"சுருட்டாம மடிச்சு எடுத்துப் போயிருந்தா?"

அதற்கு மரம் பதில் சொன்னான். "மடிச்சா வெள்ளையா தழும்பு விழும் சார். அப்புறம் அது குப்பை."

துணிக்காரர் அவன் பக்கம் திரும்பினார். "நடை இல்லைன்னா மேல இருக்கப்போறது உன் தாள்தானே தம்பி?"

"ஆமா."

"அதுல உனக்குக் கொஞ்சம் சந்தோஷம்?"

"அவன் உயிரோட இருந்தப்ப தினம் சண்டை போட்டேன், என் மரத்து மேலேயே உன் காலை வைக்கிறியேன்னு," என்றான் மரம். "இப்ப சண்டை போட ஆள் இல்ல. மேல இருந்து என்ன பண்ண?"

துணிக்காரர் அத்தானின் காதோரம் குனிந்தார். "இவன்தான். பதிலை முன்னாடியே தச்சு வச்சிருக்கான் பாருங்க, அளவெடுத்த சட்டை மாதிரி."

"அளவு சரியா இருக்கிறது ஒரு குத்தமா மச்சான்?"

வடிகால் மிகக் குறைவாகப் பேசினாள். மரம் போன பிறகு தன் இடத்தைச் சுத்தம் செய்தாள், விளக்கை அணைத்தாள், பூட்டினாள். போகும்போது தாள் இருந்ததா என்று கேட்டதற்கு, "கவனிக்கல," என்றாள்.

மதிப்பீட்டாளர் கூடத்தைச் சுற்றி வந்தார். ஆளுக்கொரு வரைபலகை. பலகை மேல் விரிக்கிற வெள்ளைத் தாளெல்லாம் மை சொட்டியும் டீக் கோப்பை வட்டம் பதிந்தும் கிடந்தன. ஒரு பலகையில் மட்டும் தாள் புத்தம் புதிதாக, நான்கு பக்கமும் ஒட்டுநாடா போட்டு, சுருக்கமில்லாமல் இருந்தது. துணிக்காரருக்கு அது பிடித்துப் போயிற்று. "இத்தனை பேர்ல வடிகாலோட இடம் ஒண்ணுதான் சுத்தம். பேருக்கும் பலகைக்கும் சம்பந்தமே இல்ல."

பேசியபடியே விளக்குப் பெட்டியில் சாய்ந்தவர், கையைத் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தார். கறுப்புச் சட்டையின் கையில் வெள்ளைப் பொடி.

"அது பவுடர் சார்," என்றார் ஆசிரியை. "விரல்ல இருக்கிற எண்ணெய் தாள்ல பட்டா மை நிக்காது. தாளைத் தொடறதுக்கு முன்னாடி பசங்க கையில தட்டிப்பாங்க. ஆனா நேத்து நாலு மணிக்கே நான் பெட்டியைத் துடைச்சு வச்சேனே."

மதிப்பீட்டாளர் தலையை ஆட்டினார். விளக்கைப் போடச் சொல்லி, ஐந்து தாள்களில் வடிகாலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுக்கச் சொன்னார். நீலக் கோடுகள், கோடு நெடுகப் புள்ளிகள். நிறைத்த புள்ளி என்றால் மூடியுள்ள குழி, வெறும் வட்டம் என்றால் திறந்தது. கிடங்குத் தெரு எது என்று கேட்டார். பிறகு மைத்துனரிடம் கையை நீட்டினார்.

"உங்க டேப்பைக் கொடுங்க மச்சான்."

கடையை விட்டாலும் சட்டைப் பையில் டேப்பை விடாதவர் துணிக்காரர். மதிப்பீட்டாளர் கிடங்குத் தெருவின் புள்ளிகளை ஒன்றிலிருந்து ஒன்றாக அளந்தார். பக்கத்துத் தெருவையும் அளந்தார். டேப்பைச் சுருட்டித் திருப்பிக் கொடுத்தார்.

"என்ன அத்தான்?"

"கிடங்குத் தெரு ரொம்ப நல்லா வந்திருக்கு," என்றார். குரலில் பாராட்டு இல்லை.

மூன்று மணிக்கு எல்லாரையும் விளக்குப் பெட்டியைச் சுற்றி உட்காரச் சொன்னார். ஆசிரியை, காவலாளி, மரம், வடிகால். துணிக்காரர் கதவோரம் நின்றுகொண்டார், மரம் ஓடினால் பிடிக்கத் தோதாக.

"திருட்டுன்னு எழுதியிருக்கு," என்று ஆரம்பித்தார் மதிப்பீட்டாளர். "திருடறவன் பொருளை வெளிய கொண்டுபோகணும். இந்தத் தாளைச் சுருட்டினா வாசல்ல மாட்டும், மடிச்சா செத்துப் போகும். அழிக்கத்தான் நினைச்சான்னா மடிச்சிருப்பான். ஆனா எடுத்த ஆள் முதல்ல கையில பவுடர் தட்டியிருக்காங்க. ஆசிரியை துடைச்ச பிறகு விழுந்த பவுடர் இது. அழிக்க வந்த கை எண்ணெய்க்குப் பயப்படுமா?"

"பயப்படாது," என்றார் காவலாளி. தன்னிடம் பவுடர் கிடையாது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்து, முகம் தெளிந்தது.

"அப்போ எடுத்தது இந்தக் கூடத்து ஆள். அந்தத் தாளுக்கு ஒரு கீறல்கூட விழக்கூடாதுன்னு நினைச்ச ஆள். தாள் வெளிய போகல. நீட்டமா, சமமா, மடிப்பில்லாம படுக்க வைக்கிற இடம் ஒண்ணுல இருக்கு. என் மச்சான் காலையிலயே அதைக் கண்டுபிடிச்சுப் பாராட்டவும் செஞ்சார்."

"நானா?" என்றார் துணிக்காரர்.

"வரையற வேலை எல்லாம் முடிஞ்சு போச்சு. நாளைக்குக் கண்காட்சி. நேத்து சாயங்காலம் போய் பலகைக்குப் புதுத் தாள் யாரு ஒட்டுவாங்க?"

யாரும் வடிகாலைப் பார்க்கவில்லை. அவளே எழுந்தாள். தன் பலகைக்குப் போய், மேசையிலிருந்த பவுடர் டப்பாவை எடுத்து இரண்டு கையிலும் தட்டிக்கொண்டு, ஒட்டுநாடாவை ஒவ்வொரு ஓரமாக உரித்தாள். வெள்ளைத் தாளுக்கு அடியில் நடை இருந்தது. ஆயிரம் மெல்லிய சிவப்புக் கோடுகள்.

மரம் சட்டென்று எழுந்தான். "ஏன் வடிகால்? அவன்கூட நீ ஒருநாளும் சண்டை போட்டதில்லையே."

அவள் உரித்த ஒட்டுநாடாவை விரலில் சுருட்டினாள். மதிப்பீட்டாளர் காவலாளியைப் பார்த்து, "தாள் கிடைச்சுடுச்சு. உங்க வேலையைப் பாருங்க," என்றார். மரத்தின் தோளைத் தொட்டு, "நீயும் கொஞ்சம் கீழ இரு தம்பி," என்றார். துணிக்காரர் வழிவிட்டார். மரம் தன்னைக் கடக்கும்போது அவன் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

கதவு மூடியதும் மதிப்பீட்டாளர் இரண்டு தாளையும் ஆணியில் மாட்டினார். நீலத்தின் மேல் சிவப்பு. கிடங்குத் தெருவில் மட்டும் சிவப்பு இல்லை. வடிகால் கோட்டை ஒட்டியே அவனுடைய பென்சில் கோடு ஒன்று போயிற்று, நிறைத்த புள்ளிகளின் மேல் கால் வைத்துப் போவது போல.

"மத்த தெருவுல எல்லாம் உன் புள்ளி ஒண்ணு நெருங்கியிருக்கு, ஒண்ணு தள்ளியிருக்கு," என்றார். "தெருன்னா அப்படித்தான். கிடங்குத் தெருவுல மட்டும் எல்லாம் ஒரே அளவு. எல்லாமே மூடினது. ஆனா ஒரு பையன் அங்கதான் குழியில விழுந்தான். இரண்டு தாளையும் சேர்த்துப் போட்டா, நாளைக்கு அந்த அம்மாவுக்கே இது தெரிஞ்சிருக்கும். அதனாலதானேம்மா?"

அவள் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். பேச ஆரம்பித்தபோது குரல் கணக்கு ஒப்பிப்பது போலச் சமமாக இருந்தது.

"நூத்திப் பன்னிரண்டு தெரு நடந்தேன். அது ஒண்ணுதான் நடக்கல. அன்னைக்கு என் சித்தி பொண்ணுக்குப் பிறந்தநாள். மறுநாள் தாள் காட்டணும். இங்கயே உட்கார்ந்து முப்பது முப்பது அடியா புள்ளி வச்சேன். மையிலயே வச்சேன்." கண் நீலத் தாளுக்குப் போயிற்று. "மழையில ஜனங்க எங்க நடப்பாங்கன்னு அவன் வரையணும்னான். நடுத்தெருவுல தண்ணி நின்னா எல்லாரும் ஓரத்துச் சாக்கடையை மூடின பலகை மேலதான் நடப்பாங்கன்னான். கிளம்பறப்ப கேட்டான், 'கிடங்குத் தெருவுல எல்லாம் மூடிதானே?'ன்னு. ஆமான்னேன். வாசல் வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை கேட்டான். என் தாளைப் பாரேன், மையிலதானே இருக்குன்னேன்."

ஆசிரியை இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டார். துணிக்காரருக்குத் தன் கடை ஞாபகம் வந்தது. சாயம் போகாது என்று சத்தியம் செய்து அவர் விற்ற துணிகள் எத்தனையோ. சாயம் போனால் வாங்கினவன் திரும்பி வந்து கத்துவான். கத்துகிறவனுக்கு வேறு துணி கொடுத்து அனுப்பிவிடலாம்.

"அப்போ அவன் தாளை ஏம்மா எடுத்தே?" என்று கேட்டார் அவர். "உன் தாளைத் திருத்தியிருக்கலாமே."

"எங்க திறந்திருக்குன்னு போய்ப் பார்த்தாத்தானே திருத்த முடியும். தெருமுனை வரைக்கும் நாலு தடவை போனேன். உள்ள கால் வைக்க முடியல."

மதிப்பீட்டாளர் பெட்டியின் விளக்கை அணைத்தார். "குழியை நீ திறந்து வைக்கல," என்றார். "ஆனா இந்த வாக்கியம் உனக்கு எவ்வளவு தூரம் உதவும்னு எனக்குத் தெரியல. அந்த அம்மாகிட்ட நான் சொல்ல முடியும். ஆசிரியை சொல்ல முடியும். யார் சொல்றது?"

"நான்," என்றாள்.

மறுநாள் பத்து மணிக்குத் தையற்கார அம்மா வந்தார். கையில் ஒரு துணிப்பை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு விளக்குப் பெட்டியின் முன் நின்றவர், முதலில் தன் வீட்டைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து மகனோடு புறப்பட்டு, சிவப்புக் கோடு ஒவ்வொன்றாக விரலை வைக்காமல் காற்றிலேயே தொடர்ந்தார். பள்ளிச் சுவரில் இருந்த ஓட்டை வழியாகப் போனபோது, "அப்பவே நினைச்சேன், சட்டை எப்படி கிழியுதுன்னு," என்றார். பக்கத்தில் நின்ற துணிக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிடங்குத் தெருவுக்கு வந்து விரல் நின்றது. "இது மட்டும் ஏன் மங்கலா இருக்கு?"

ஆசிரியை வாயெடுக்குமுன் வடிகால் முன்னால் வந்தாள். "நான் சொல்றேன்மா," என்று ஆரம்பித்து, நேற்று சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல், அவன் இரண்டாம் தடவை கேட்டதையும் சேர்த்துச் சொன்னாள். மன்னிப்பு என்ற வார்த்தையைத் தேடிப் போகவில்லை.

அந்த அம்மா அவளை அடிக்கவில்லை, அணைக்கவுமில்லை.

"எத்தனை தெரு நடந்தேன்னு சொன்னே?"

"நூத்திப் பன்னிரண்டு."

"நான் முப்பது வருஷமா தைக்கிறேன். ஓடின தையலை யாரும் எண்ணிப் பார்க்க மாட்டாங்க. விட்ட இடத்துலதான் பிரியும்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "கிளம்பு. அந்தத் தெருவை நடந்துட்டு வரலாம்."

"அம்மா, என்னால..."

"எனக்கு மட்டும் முடியுமா? கிளம்பு."

மதிப்பீட்டாளரும் துணிக்காரரும் சேர்ந்துகொள்ள, நான்கு பேராகப் போனார்கள். ஒரு பக்கம் பூட்டிய கிடங்குகள், மறு பக்கம் மூட்டை ஏற்றும் வண்டிகள். தெருமுனையில் வடிகாலின் கால் நின்றது. அந்த அம்மா அவள் முழங்கையைப் பிடித்தார். பிடி அன்பாக இல்லை, ஆனால் உறுதியாக இருந்தது. இருவரும் சாக்கடைப் பலகை மேல் ஏறி நடந்தார்கள். வடிகால் ஒவ்வொரு குழியாக எண்ணிச் சத்தமாகச் சொன்னாள். குறிக்க யாரிடமும் தாள் இல்லாததால், துணிக்காரர் தன் பழைய ரசீதுப் புத்தகத்தை நீட்டினார். அதன் பின்பக்கத்தில் எழுதினார்கள்.

பதினோராவது குழியின் மேல் ஒரு மரப்பலகையைப் போட்டுக் கல் வைத்திருந்தார்கள். எந்தக் குழி என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மா அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பலகையின் மேல் உள்ளங்கையை வைத்தார். மூட்டை வண்டிகள் இரண்டு அவரைச் சுற்றிக்கொண்டு போயின. பிறகு அவரே எழுந்து, "பன்னிரண்டு," என்றார்.

தெருவின் கடைசிக்கு முந்தின வளைவில் இன்னொரு குழி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. இரண்டு மாதமாக, ஒருவேளை இரண்டு வருடமாக. மதிப்பீட்டாளர் எட்டிப் பார்த்துவிட்டு, நகராட்சி அலுவலகம் எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டு கிளம்பினார். துணிக்காரர் குழிக்கு முன்னால் கடைவாசலில் நிற்கிற மாதிரி காலை அகட்டி நின்றுகொண்டு, வருகிறவர்களை எல்லாம், "இப்படி வாங்க, இந்தப் பக்கமா வாங்க," என்று கூப்பிட்டுத் திருப்பிவிட ஆரம்பித்தார். முப்பது வருடமாக அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்.

சாயங்காலம் வடிகால் தன் தாளில் கிடங்குத் தெருவின் பழைய மையைப் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, புதிதாகப் புள்ளிகளை வைத்தாள். நடையின் பென்சில் கோட்டை யாரும் தொடவில்லை. ரசீதின் பின்பக்கத்தில் இருந்ததை அப்படியே தாளின் ஓரத்தில் எழுதினாள்.

கிடங்குத் தெரு. முன்பு காட்டியது: பதினெட்டு. நடந்து எண்ணியது: இருபத்து மூன்று. மூடியுள்ளவை இருபத்தொன்று. பலகை போட்டது ஒன்று. இன்னும் திறந்திருப்பது ஒன்று.